இலை காயும் வரை

அப்புத்தளையிலிருந்து தண்டவாளம் வழியே நடந்தேன்.
கொழும்பிலிருந்து வந்த இரவு ரயிலுக்கு
மண்சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன்.
ஜன்னலில் தூங்கும் முகங்கள் வரிசையாய்ப் போயின,
ஒன்றுகூட எடுக்கும்படி இல்லை.

நேற்று மாலை வரை ஸ்டூடியோவில்
அடையாள அட்டைக்கு முகம் எடுத்தேன்.
நாடியை உயர்த்துங்க, காது தெரியட்டும், சிரிக்க வேணாம்.
பதினொரு வருடமாய்
சிரிக்க வேணாம் என்று சொல்வதற்குச் சம்பளம்.
இன்று முதலாளி வீட்டில் கல்யாணம். கடைக்குப் பூட்டு.

மலை இருக்குமென்று நினைத்த இடத்தில்
மலை இல்லை.
தேயிலை மூன்று நிரை வரைக்கும்தான்,
அதற்கப்பால் ஒரு நாய் குரைப்பது மட்டும்.
கானோரம் குந்தினேன்.
காலடியில் ஊதாவும் மஞ்சளுமாய்ப்
பேர் தெரியாத பூக்கள்,
ஒவ்வொன்றும் தன் பங்குத் தண்ணியைத் தலையில் வைத்துக்கொண்டு
அசையாமல்.
லென்ஸ் வேர்த்தது. துடைத்தேன். வேர்த்தது.
ஷோலின் ஒரு பக்கம் நனைந்ததும்
மறுபக்கத்தால் துடைத்தேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது.
பிறகு ஒரு நீலத் தொட்டி.
அதைச் சுமந்த முதுகு கடைசியாக.

மருந்தடிக்க வந்தவர்.
ரட்ணசீலன் என்றார், கேட்காமலே,
கந்தோரில் சொல்வதுபோல் தோட்டமும் டிவிசனும் சேர்த்து.
"இன்னைக்கு இந்தப் பக்கம்தான் மிஸ்.
இந்தக் கான்லருந்து அந்தக் கல்லு வரைக்கும்."
கல்லைத் தேடினேன்.
கல்லும் பனிக்குள்.

என் ட்ரைபொட் கால்களுக்கு நடுவே மூன்று மஞ்சள் பூ.
"இதுக்குமா?"
"களைதானே."
கொஞ்சம் பொறுத்து,
"மக மூக்குத்திப்பூன்னு சொல்லுவா.
போத்தல்ல போட்டு வைப்பா. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

பத்து நிமிடம் கேட்கலாமென்று வாயெடுத்தேன்.
அதற்குள் தொட்டியை இறக்கிவைத்துக் குந்திவிட்டார்.
"ஈர எலையில மருந்து நிக்காது. ஓடிரும்.
வெயில் வரணும், எல காயணும்."

அப்போதுதான் கணக்கு விளங்கிற்று.
நான் காத்திருப்பதும் அந்த வெயிலுக்கே.
பனி விலகாவிட்டால் எனக்குப் படமில்லை,
அவருக்கு அரைப்பேர்.
விலகினால்
நான் எடுப்பேன், அவர் அடிப்பார்.
என் விரலடியில் ஒரு விசை,
அவர் விரலடியில் ஒன்று.

போத்தல் மூடியில் சாயத்தண்ணி ஊற்றித் தந்தார்.
உள்ளங்கையில் சீனி.
நக்கிக் குடித்தபடி
வாழ்க்கையில் முதல் தடவையாக
சூரியன் இன்னும் கொஞ்சம் பிந்தட்டும் என்று நினைத்தேன்.
நினைத்தபடியே கெமராவில் வெளிச்சத்துக்கு அளவும் வைத்தேன்.

அது யாரையும் கேட்காமல் நடந்தது.
கிழக்கே பனி ஓரிடத்தில் கிழிந்து
நமுனுகுல தோளை மட்டும் காட்டியது.
தெற்கே, எங்கோ பள்ளத்தில்,
ஒரு குளம் புதுத் தகரம்போல் மின்னி அணைந்தது.
பிறகு வெளிச்சம் கானுக்குள் இறங்கியது.
பூக்களின் தலையிலிருந்த தண்ணி
பற்றிக்கொண்டது.
அமுக்கினேன், அமுக்கினேன்,
பதினாலோ பதினைந்தோ.

கடைசிச் சட்டத்தின் ஓரத்தில் நீலம்.
"நகரவா மிஸ்?"
"வேணாம், நில்லுங்க."
உடனே நாடியை உயர்த்தினார்.
தொப்பியைக் கழற்றிக் காதைக் காட்டினார்.
சிரிக்கவில்லை.
எங்கள் கடைக்கு எப்போதோ வந்திருக்கிறார்,
எனக்குத்தான் ஞாபகமில்லை.

நான் ட்ரைபொட்டை மடக்கும்போது
அவர் குனிந்து, ஓர் இலையைப்
புறங்கையால் தடவிப் பார்த்தார்.
"இன்னும் ஈரம்," என்றார்.
மீண்டும் குந்தினார்.

நான் நின்ற இடத்திலிருந்து
அந்த இலை காய்ந்துதான் தெரிந்தது.